ஏழாவது குழி

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஒட்டுக்கேட்டேன்.

நசரத்பேட்டையில் நான் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வீட்டுக்காரர்களின் துணி துவைக்கும் கல் இருக்கிறது. அந்தக் கல்லருகில் யார் எதைப் பேசினாலும் அவர்கள் வீட்டு மீன் குழம்பு வாசனையைவிடச் சீக்கிரம் மேலே வந்து சேரும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமே என்பீர்கள். சாத்தினால் புழுங்கும். அதுவுமில்லாமல், சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் எதைத்தான் எழுதுவது?

போன புதன்கிழமை காலை வீட்டுக்காரர் வேம்புலி கீழே நின்று கத்தினார்: "ஏழு குழி கீது. ஆறு பீஸுதான் கீது. ஒண்ணு எங்கமே பூட்ச்சு?"

துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குப்பம்மாக்கா நிமிராமலே சொன்னாள்: "ஆத்தாவாண்ட குடுத்துட்டேன்."

நான் அடுப்பை அணைத்தேன். ரசம் பாதியில் நின்றது, கதை தொடங்கியது.

(இப்படி ஒரு வாக்கியம் விழுந்தால் எழுதுகிறவளுக்கு ஒரு கர்வம் வரும். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், பின்னால் வெட்கப்பட ஏதாவது வேண்டும்.)

ஆனால் கதையை அங்கே தொடங்க முடியாது. யார் வேம்புலி, என்ன குழி, எந்த ஆத்தா என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"உலகில் நாணயம் தோன்றிய காலந்தொட்டு மனிதன்" என்று ஒன்று. எந்த மனிதன்? எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை.

"செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் மெல்ல எழுந்த சூரியன்" என்று இன்னொன்று. இந்தக் கதையில் ஏரி வரப்போவதே இல்லை. நான் போய்ப் பார்த்தும் மூன்று வருஷம் ஆகிறது.

"வேம்புலிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது வேம்புலிக்கு மட்டும்தான் தெரியும்." இது நன்றாக இருக்கிறது. பொய்யாகவும் இருக்கிறது, குப்பம்மாக்காவுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தைத் தூக்கிப்போட மனமில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். மேலே போவோம்.

2

வேம்புலியை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்ற பயம் எனக்கு உண்டு. நசரத்பேட்டையில், கட்டட வேலை செய்யும் கொளுத்துக்காரர் மகனாகப் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவர் வெளிநாட்டு நாணயத் தொகுப்புகளைப் பார்த்து எது காசு, எது பதக்கம் என்று பிரித்துச் சொல்வாரா? எழுதுகிறவள் கதை விடுகிறாள் என்பீர்கள்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். தகட்டிலிருந்து அடித்து விழும் வட்ட வாஷர்களைக் கையில் எடுத்து, தடவி, திருப்பி, நல்லதை ஒரு தொட்டியிலும் கெட்டதை இன்னொரு தொட்டியிலும் போடுவது வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வட்டங்கள். வேலை ஓய்ந்த பிறகும் கை ஓயவில்லை. வட்டமாக எது கிடைத்தாலும் தடவிப் பார்ப்பார். குப்பம்மாக்கா சுட்ட அப்பளத்தைக்கூட. அப்படித்தான் காசுப் பித்து பிடித்தது. (அப்பளத்திலிருந்து காசுக்கு எப்படிப் போனார் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சுவையாக இருந்தது, உண்மையாக இல்லை.)

பழைய காசுக்கு லட்சம் கிடைக்கிறது என்று வாட்ஸப்பில் எவனோ கிளப்பிவிட்டதிலிருந்து அவர் வாசலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஆவடியிலிருந்து ஒருத்தர், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ஒரு பித்தளை வட்டத்தைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துவந்தார். கம்பெனிக் காலத்துக் காசாம், அரிசியைத் தானாக இழுக்குமாம்.

வேம்புலி அதை விரலால் ஒரு சுற்று சுற்றினார். "கோயில் வாசல்ல விக்கற டோக்கன் நைனா இது. அரிசிய இழுக்காது. நீ ஏமாந்தன்னா உன் பாக்கெட்ட இழுக்கும்."

"நல்லா பாருங்கண்ணே. வருஷம்லாம் போட்டுகீது."

"வருஷம் போட்டா காசாயிடுமா? என் சட்டிபிகேட்ல கூடத்தான் வருஷம் போட்டுகீது. கொண்டுபோய் டீ குடிச்சிட்டு வா பாப்போம்."

அவருடைய பாடம் சின்னது. காசு என்றால் மதிப்பைக் குறிக்கும் எண் இருக்க வேண்டும், அடித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். நாணயசாலைகள் வருஷா வருஷம் அந்த வருஷத்துக் காசுகளை எல்லாம் புத்தம்புதிதாகப் பெட்டியில் பதித்து, சேகரிக்கிறவர்களுக்கென்று விற்கின்றன. சில நாணயசாலைகள் கூடவே தங்கள் பெருமைக்காக ஒரு நினைவுப் பதக்கத்தையும் சொருகிவிடும். அளவும் காசு மாதிரி, பளபளப்பும் காசு மாதிரி. ஆனால் எண் இருக்காது. அந்த ஊர்க் கடையில் நீட்டினால் ஒரு மிட்டாய்கூடப் பெயராது. அதைத்தான் அவர் 'மெடல்' என்று கண்டுபிடித்துச் சொல்வார்.*

* திருப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. காசின் தலையையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பு. பின்பக்கம் தலைகீழாக வந்தால் காசு, நேராக வந்தால் மெடல் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நான் உடனே என் பர்ஸிலிருந்த நம் ஒரு ரூபாயைத் திருப்பினேன். நேராக வந்தது. பதறிப்போய்க் கீழே ஓடினேன். "அது வேற ஊரு சட்டம்மா, நம்ம ஊருக்கு செல்லாது" என்று வேம்புலி ஆறுதல் சொன்னார். (என் பர்ஸில் ஒரு ரூபாய் இருந்ததை இந்த அடிக்குறிப்பில் படித்துவிட்டீர்கள். மறந்துவிடுங்கள்.)

பார்த்து முடித்ததும் தொழிற்சாலைப் பழக்கப்படி அட்டை கட்டுவார். காசுக்குப் பச்சை நூல், மெடலுக்குச் சிவப்பு நூல். அட்டையில் பெயரும், எதற்காக அடித்தது என்பதும், கீழே 'வே' என்ற ஓரெழுத்துக் கையெழுத்தும். "என் கையத் தாண்டிப் போன பீஸு ஒண்ணுகூட இது தப்புன்னு திரும்பி வந்ததில்ல" என்பது அவர் தெருவுக்கே சொல்லும் பெருமை. யாருடைய பொருளும் அவரிடம் தொலைந்ததில்லை. அந்த 'வே'தான் அவருடைய சொத்து.

இப்போது குழிக்கு வருவோம்.

3

ராகவன் வானகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் பாளையங்கோட்டை. போன வாரம் ஒரு நீலப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஏழு வட்டக் குழிகள், ஏழிலும் ஏழு பளபளப்புகள். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் தொகுப்பு. (நாட்டின் பெயர் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அந்த நாட்டு ஆள் எவராவது படித்துவிட்டு நூல் கலர் தப்பு என்று வந்து நிற்கக் கூடாது.)

"அப்பா தபாலாபீஸ்ல இருந்தாங்க அண்ணாச்சி. வெளிநாட்டுல பேனா நண்பர் ஒருத்தர் அனுப்பினது. அப்பா போயி ஒரு வருஷமாச்சு. அக்கா வீட்டுக்காரங்கள்லாம் வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வாராங்க. இதைச் சட்டம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ பேரெழுதி மாட்டணும்."

"ஆறு ஓகே. ஏழாவதுதான் டவுட்டு, இல்ல?"

ராகவனுக்கு ஆச்சரியம். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அப்பா சொல்லுவாங்க, இந்த ஏழாவதுதான் அந்த நாட்டுலயே பெரிய துட்டுன்னு. நம்பரே இல்லையேப்பான்னு கேட்டா, ரொம்பப் பெரிய துட்டுக்கு நம்பர் எதுக்குடேம்பாங்க. கல்யாணம் ஆகற வரைக்கும் நம்பிட்டிருந்தேன்."

"உங்கப்பாரு சோக்கா வுட்டுகீறாரு பீலா" என்று வேம்புலி சிரித்தார். ஏழாவதை எடுத்து விரலால் ஒரு சுற்று சுற்றினார். எண் தட்டுப்படவில்லை. "மெடல்தான் நைனா. சந்தேகமே இல்ல." பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

அவர் பார்த்தது ஒரு பனி. பனிக்குள் ஏதோ ஒரு மேடு. ஒரு வருஷமாகவே எல்லாம் அப்படித்தான். இடது கண்ணில் புரை வளர்ந்து மூடியிருந்தது, வலது கண் எப்போதோ பிரஸ் ஷாப்பில் தகட்டுத் தூள் பட்டு மங்கியது. ஒரு வருஷமாக விரல்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் விரலால் உருவத்தை, சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

டீ கொண்டுவந்த குப்பம்மாக்கா எட்டிப் பார்த்தாள். "அட, அம்மன் மாதிரியே கீறாளே. கையில தராசு வெச்சுகினு."

"அத்தத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் வேம்புலி. "தராசு. பொம்பள. ஆனா யாரு, எதுக்கு அடிச்சதுன்னு பாத்துத்தான் எழுதணும் நைனா. வெச்சிட்டுப் போ."

ராகவன் கும்பிட்டுவிட்டுப் போனார். வேம்புலி மனைவியைப் பார்க்கவில்லை. குப்பம்மாக்கா புருஷனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தது அவள்தான்.

4

செவ்வாய்க்கிழமை காலை. வேம்புலி குளித்துக்கொண்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் குப்பம்மாக்காவுக்கு ஒரு வேலை இருந்தது: மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, "ஆத்தா, அவர் கண்ணைக் குடு, உன் உண்டியலில் இதைச் சேர்க்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு திருவேற்காட்டு அம்மன் படத்து ஆணியில் மாட்ட வேண்டும். முடிந்ததை உண்டியல் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் ஆட்டோவிலேயே நக்கல் தொடங்கிவிடும்.

மஞ்சள் துணி இருந்தது. மஞ்சள் குழைத்தாயிற்று. காசு?

இருநூறு வருஷத்துக் காசுகள் பச்சை நூல் கட்டிக்கொண்டு பீரோவில் தூங்கும் வீட்டில் ஒரு ரூபாய் இல்லை. பீரோச் சாவி அவர் அரைஞாணில், அரைஞாண் அவரோடு குளியலறையில். பால்காரருக்கு ஜிபே. மளிகைக் கடைக்கு ஜிபே. சில்லறை பாக்கி என்றால் கடைக்காரன் மிட்டாய் தருகிறான். டப்பா நிறைய மிட்டாய் இருந்தது, ஆத்தாவுக்கு மிட்டாயை முடிய முடியுமா? மாடிக்கு வந்து கேட்டாள். அங்கேயும் இல்லை என்றார்கள்.

[மேலே உள்ள கடைசி வாக்கியத்துக்குத் திரும்ப வர வேண்டும்.]

இறங்கிப் போனவள் மேஜைமேல் இருந்த நீலப் பெட்டியைத் திறந்தாள். ஆறு குழியிலும் ஆறு தரம் ஒரே ராஜா, சுருள் முடியோடு, மூக்கை நீட்டிக்கொண்டு. ஆத்தாவின் உண்டியலுக்கு ஓர் ஆம்பிளை மூஞ்சியை முடிவதா? ஏழாவதில் ஒரு பெண். கையில் தராசு, தலையில் ஏதோ கிரீடம் மாதிரி. எண் இல்லை. அவள் யோசனை இப்படிப் போயிருக்கிறது (பிற்பாடு அவளே சொன்னது): நம்பர் போட்டால் இவ்வளவுதான் கொடுத்தேன் என்று ஆகிவிடும், நம்பர் இல்லாவிட்டால் ஆத்தா எவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறாளோ அவ்வளவு.

முடிந்தாள். மாட்டினாள். பெட்டியை மூடினாள். குளியலறைக் கதவு திறந்தது.

5

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய வேம்புலி வீட்டைச் சுற்றி வந்தார்.

"ஏமே, இந்த சொவுத்துல எப்போ விரிசல் வுட்டுச்சு?"

"அது வுட்டு ஒரு வருசம் ஆவுது."

"நீ எப்போ இவ்ளோ நரைச்ச?"

"அதுவும் ஒரு வருசந்தான். உன்னாண்ட குப்ப கொட்டிகினு நரைக்காம இன்னா பண்ணுவாங்க?"

சிரித்துக்கொண்டே நீலப் பெட்டியைத் திறந்தார். புதுக் கண்ணுக்கு முதல் வேலை கொடுக்கலாம் என்ற ஆசை. அதன் பிறகுதான் அந்தக் கத்தல், துணி துவைக்கும் கல், என் ரசம்.

"ஆத்தாவுக்குக் குடுத்துட்டியா? அது இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா? அடுத்தவன் பொருளு!"

"கண்ணும்தான் ஆத்தா குடுத்தது. அத்த திருப்பிக் குடுத்துருவியா?"

"கண்ணு டாக்டர் குடுத்தாருமே!"

"அப்போ டாக்டர் உண்டியல்ல போய் போட்றவா?"

"ஏய் குப்பு, வெளையாடாத. அது காசே கெடையாது. மெடலு. உண்டியல் எண்றவன் தூக்கி ஓரமா கடாசிருவான். அவுத்துக் குடு, பதிலுக்கு நம்ம ஊரு ரூபா ஒண்ணு வெச்சி முடி."

"எத்த காட்டி வேண்டிக்கினேனோ அதான் போவணும். பேச்சு மாறினா உன் கண்ணுதான் மாறும்." அவள் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கியது. எனக்கு ஜன்னலில் இன்னும் கொஞ்சம் சாய வேண்டியிருந்தது.

அதற்கு மேல் மாடியில் நிற்க முடியாமல், பாலுக்கு உறை ஊற்ற மோர் கேட்கிற சாக்கில் நானும் கதைக்குள் இறங்கினேன். வேம்புலி பெட்டியின் அடி அட்டையைக் கிளப்பி ஒரு மடித்த காகிதத்தை உருவியிருந்தார். "சரசா, வாம்மா. இத்த கொஞ்சம் படி. இங்கிலீசு, பொடி எழுத்து."

படித்தேன். அந்த நாணயசாலை நூறாவது ஆண்டு நிறைவுக்கு அடித்த பதக்கம். உருவம் மொனேட்டா, ரோமாபுரிக்காரர்களின் தேவி. பழைய காலத்தில் அவள் கோயிலை ஒட்டித்தான் காசு அடித்தார்களாம். அதனால் அவளை நாணயசாலைகளுக்கே காவலாக வைத்து, கையில் தராசு கொடுத்துவிட்டார்கள்.

குப்பம்மாக்கா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினாள். "நான் இன்னா சொன்னேன்? அம்மன்னு சொன்னேனா இல்லியா? அவ அக்கா, இவ தங்கச்சி. அக்கா தங்கச்சி ஊட்டுக்குப் போறா. நடுவுல நீ யாருய்யா?"

வேம்புலி காகிதத்தில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமே மாமா, எல்லா விவரமும் இதிலேயே இருக்கு. அட்டை எழுதிடலாமே" என்றேன்.

"பேப்பரப் பாத்து எழுதமாட்டேன்மா. முப்பத்தோரு வருசத்துல அந்த தப்ப பண்ணதில்ல. பீஸப் பாத்துதான் எழுதுவேன்." பிறகு, யாரிடம் என்றில்லாமல்: "இந்தக் கண்ணோட ஒரு வாட்டி பாக்கணும்."

அன்று மாலை ராகவன் போன் செய்தார். "சட்டக்காரன் அளவு கேக்கான் அண்ணாச்சி. ஆயிட்டா?"

"கண்ணு ஆப்பரேசன் நைனா. சனிக்கெழம வந்து வாங்கிக்க."

"நல்லதாப் போச்சு. உடம்பைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கறது பேங்குல இருக்கற மாதிரி."

போனை வைத்துவிட்டு வேம்புலி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசு ஒன்றும் இல்லை.

6

இப்போது நான்காம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். "மாடிக்கு வந்து கேட்டாள். அங்கேயும் இல்லை என்றார்கள்." எவ்வளவு பவ்யமான வாக்கியம். 'என்றார்கள்' என்பதில் ஒரு கூட்டமே ஒளிந்துகொள்ளலாம். மாடியில் குடியிருப்பது நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை காலை குப்பம்மாக்கா படியேறி வந்து, மூச்சு வாங்க, "சரசா, ஒரு ரூபா காசு கீதா? அவசரம்" என்று கேட்டபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தது வேறொரு கதையின் முதல் வரி: "மனிதர்கள் ஒருவருக்கொருவர் கை நீட்டுவது எவ்வளவு சுலப"

அது அங்கேயே நிற்கிறது. அதை முடிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

எழுந்தேன். பையை எடுத்தேன். கையை விட்டேன். ஒரு ரூபாய் விரலில் பட்டது. இந்தக் காலத்தில் நாணயம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் திருவேற்காடு கருமாரியம்மன் உண்டியலில் போட என்று ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். இதைக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு எங்கே போவேன்?

"இல்லக்கா, எல்லாம் ஜிபேதான்" என்றேன்.

ஆக, சாமிக்குப் போட வைத்திருந்த காசை, சாமிக்கு முடியக் காசு கேட்டவளிடம் மறைத்தேன். அந்த ஒரு ரூபாயை நீட்டியிருந்தால் ஏழாவது குழி காலியாகி இருக்காது, வேம்புலி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் நாள் கடத்தியிருக்க மாட்டார், எனக்கு இந்தக் கதையும் கிடைத்திருக்காது. முதல் பகுதியில் 'ஒட்டுக்கேட்டேன்' என்று நான் தைரியமாக ஒப்புக்கொண்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? சின்னத் தப்பை முன்னால் வைத்தால் பெரியது பின்னால் உட்கார்ந்துகொள்ளும்.

(கதாசிரியை தானே குற்றவாளி என்று திருப்பம் வைப்பது பழைய வித்தை என்று ஒருவர் சொல்லக்கூடும். வித்தையாக இருந்திருந்தால் இன்னும் கௌரவமான குற்றமாகத் தேர்ந்தெடுத்திருப்பேன்.)

7

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு குப்பம்மாக்கா ஒவ்வொரு படியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

"நீதான் வெள்ளிக்கெழம ஆனா திருவேற்காடு போறியே. என்னால பஸ் ஏற முடியல. இத்த உண்டியல்ல போட்டுட்டு வந்துரு." மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தாள். "அவுக்காத."

அவள் இறங்கிய பத்தாவது நிமிஷம் வேம்புலி வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டுமாம். தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. அவர் என் வாசலிலேயே நின்றார்.

"அவ உன்னாண்டதான் குடுத்தான்னு தெரியும்மா. தோ, இத்த வெச்சுக்க." ஒரு ரூபாய். பீரோவிலிருந்து எடுத்தது, பச்சை நூலைக்கூட அவிழ்த்திருந்தார். "அத்த அவுத்து, இத்த உள்ள வெச்சி முடிஞ்சிரு. ஆத்தாவுக்குக் காசு, அந்தப் புள்ளைக்கு மெடலு. அவளுக்கு சொல்லாத. கண்ணு கிண்ணு போய்டும்னு பயந்துகினு கீறா." பிறகு, கூச்சத்தோடு: "குடுக்கறதுக்கு மின்னாடி நான் ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

இப்போது என் மேஜைமேல் மஞ்சள் முடிச்சு, அவர் கொடுத்த ரூபாய், என் வெள்ளிக்கிழமை ரூபாய். மூன்று வட்டங்கள். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவிழ்க்கிறேன், மாற்றுகிறேன், முடிகிறேன். வேம்புலி சிவப்பு நூல் கட்டுகிறார். ராகவன் வீட்டுச் சுவரில் ஏழு குழியும் நிறைகிறது. குப்பம்மாக்கா நிம்மதியாகக் கற்பூரம் ஏற்றுகிறாள். எல்லாரும் சந்தோஷம். நாளைக்கு வேம்புலிக்குக் கண்ணில் ஒரு தூசு விழுந்தாலும் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இரண்டாவது. முடிச்சு முடிச்சாகவே உண்டியலுக்குப் போகிறது. வேம்புலி சனிக்கிழமை ராகவனிடம் உண்மையைச் சொல்கிறார். காலிக் குழிக்கு அட்டை கட்டுகிறார்: 'மெடல். நாணயசாலை நூற்றாண்டு. பார்வையிடவில்லை.' கீழே 'வே' போட வரும்போது பேனா நிற்கிறது. ராகவன் என்ன சொல்வார்? சிரிக்க வைத்துப் பார்த்தேன், சினிமா மாதிரி இருந்தது. கோபப்பட வைத்தேன், பாளையங்கோட்டைப் பேச்சில் எனக்குத் திட்டத் தெரியவில்லை.

மூன்றாவது. ராகவனுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவது. பொருள் அவருடையது, அப்பா அவருடையவர். கீழே உள்ள இருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குப் புதன்கிழமையே தோன்றியது. கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது நம்பரை அழுத்தினேன். முதல் மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். கண்ணை வைத்து ஆத்தாவிடம் நடந்த பேரத்தை வானகரத்து ராகவனிடம் நான் எந்த உரிமையில் சொல்வது? ஊர் வம்பை இத்தனை பேருக்கு எழுதுகிறவள் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

8

ஒன்றை இன்னும் மறைத்து வைத்திருக்கிறேன். இதோடு தீர்ந்தது.

முடிச்சைக் கொடுத்துவிட்டு குப்பம்மாக்கா உடனே இறங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா?"

"அன்னிக்கு நீ பையில கைய வுட்டப்போ காசு சாவியில பட்டு கிலுங்குச்சு. படி எறங்கச்சொல கேட்டுகினேதான் எறங்குனேன்."

நான் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தேன்.

"தப்பா எடுத்துக்காத. உனக்கும் இன்னாவோ வேண்டுதல் இருந்திருக்கும்" என்றாள். "அதான் இத்த உங்கையில குடுக்கறேன். வேற யாராண்டயாவது குடுத்தா அவுத்துப் பாப்பாங்க."

இறங்கிப் போனாள். ஒரு படி, நிறுத்தம், இன்னொரு படி.

அதனால்தான் சொல்கிறேன், என்னால் இந்தக் கதையை முடிக்க முடியாது. நான் எப்படி முடித்தாலும் காசு இல்லை என்று பொய் சொன்ன கையால்தான் முடிக்க வேண்டும். உங்கள் கை பரவாயில்லை. நீங்கள் இந்த வீட்டில் யாரிடமும் எதையும் மறைத்ததில்லை. நீட்டுங்கள். இதோ முடிச்சு. இதோ வேம்புலியின் ரூபாய். என்னுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது செவ்வாய்க்கிழமையிலிருந்தே எனக்குச் செல்லவில்லை.

திருவேற்காட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ தெருமுனையில் நிற்கிறது. ஹார்ன் அடிக்கிறான். ராகவன் நாளைக் காலை பத்து மணிக்கு வருவார்.

அவிழ்ப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்திருக்கிறாள், மூன்று நாளாகியும் மடிப்புக்குள் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டும், எத்தனை சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. கீழே இறங்குகிற ஒரே வழியில் அவர்கள் இருவரும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.